கைதட்டி அண்ணன் அளந்த அறை

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் கோபிப்பார் என்பதற்காக அல்ல. தேடி வந்து, "தம்பி, மூண்டாவது வரியில இரைச்சல் கூடிப்போச்சு, திரும்ப எழுதுங்க" என்பார். அதற்கு எனக்கு இனித் தெம்பில்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரையில், கைதட்டி என்றால் இப்போது எல்லோருக்கும் தெரியும். முகத்துக்கு முன்னால் கைதட்டி அண்ணன், அந்தப் பக்கம் திரும்பினால் வெறும் கைதட்டி.

காரணப் பெயர்தான். எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றுவார், படியைத் தாண்டுவார், இரண்டு கைகளையும் உயர்த்தி ஒரே ஒரு தட்டுத் தட்டுவார். பிறகு தலையைச் சரித்து, அந்தத் தட்டு சுவர்களில் பட்டுத் திரும்பி வருவதைக் கேட்டுக்கொண்டு நிற்பார். வீட்டுக்காரர் "வாங்க, இருங்க" என்று சொல்வதற்குள் தீர்ப்பு வந்துவிடும். "மேல தகரம். கீழ டைல்ஸ். இதுக்குள்ள மனிசர் கதைக்க ஒண்ணாது." வங்கியில் தட்டியிருக்கிறார். பிரதேச செயலகத்தில் தட்ட, நான்கு உத்தியோகத்தர்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறார் என்று எழுந்து வந்திருக்கிறார்கள். பல் பிடுங்கப் போன இடத்தில் நாற்காலியில் சாய்ந்தபடியே தட்டியதாகவும் கேள்வி.

நான் அவரை முதலில் கண்டது கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் ஒரு செத்த வீட்டில். எனக்கு ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தல் செய்கிற தொழில். மரண அறிவித்தல், கோயில் திருவிழா, சேலைக் கடைத் தள்ளுபடி, மூன்றுக்கும் ஒரே குரல்தான். சேலைக்குக் கொஞ்சம் சிரிப்பைச் சேர்ப்பேன். அன்றைக்கு விபரம் எழுதி வாங்குவதற்காக வாசலில் நின்றேன். நடு அறையில் பிரேதம். சுற்றி இருந்து பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். இவர் படியேறி வந்தார். தலை குனிந்திருந்தது. கைகள் நெஞ்சளவுக்கு உயர்ந்தன. கும்பிடப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பட்டென்று ஒரு தட்டு.

ஒப்பாரி நின்றுவிட்டது. செத்தவரைத் தவிர மற்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

செத்தவரின் தம்பி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "என்ன வேலையிது? ஆர் நீ?"

"குறை நினைக்காதீங்க. இந்த அறையில எதிரொலி கூட. பொம்புளையள் என்ன சொல்லி அழுறாங்க எண்டு வெளிய இரிக்கிறவங்களுக்கு விளங்காது. அந்த அலுமாரிய மூலைக்கு இழுத்துவிட்டு, கதவில ரெண்டு பாயைத் தொங்கவிடுங்க."

அடி விழப்போகிறது என்று நான் ஒதுங்கினேன். ஆனால் யாரோ அலுமாரியை இழுத்துவிட்டார்கள், யாரோ பாயைத் தொங்கவிட்டார்கள். ஒப்பாரி மறுபடியும் தொடங்கியது. சொல் சொல்லாக, வாசல் வரைக்கும் தெளிவாகக் கேட்டது. காணியைத் தம்பி எப்படி எழுதி எடுத்தார் என்று விதவை பாடிய நான்கு வரிகளும் சேர்த்துத்தான் கேட்டன. அந்தத் தம்பி சாரத்தின் மடிப்பை இறக்கிவிட்டுப் பந்தலுக்கு வெளியே போய் நின்றார். மனிதருக்கு விஷயம் தெரியும் என்று நான் நம்பியது அந்த இடத்தில்தான். என் கேடுகாலமும் அங்கேதான் தொடங்கியது.

அவர் மாங்கேணிக்காரர். கட்டாரில் பதினொரு வருடம் பெரிய மண்டபங்களுக்குச் சுவர்ப் பலகை பொருத்தும் வேலை. வெள்ளைக்கார இஞ்சினியர்மார் நடுவில் மைக்கை வைத்து, கொம்பியூட்டரில் கோடு ஒன்றைப் பார்த்து, "இந்தப் பலகையை அரை அடி தள்ளு" என்பார்களாம். தள்ளியது இவர். "பதினொரு வருசம் தள்ளினவனுக்கு ஏன் தள்ளுறம் எண்டு விளங்காதா தம்பி?" என்று கேட்பார். விளங்கித்தான் இருந்தது. பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் சாப்பாட்டு மண்டபத்தை இவர் திருத்தியதும், முன்பு ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் மெதுவாகப் பேசத் தொடங்கினார்கள் என்று அங்கே வேலை செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்த மண்டபம் மீண்டும் திறக்க வேண்டிய நாளுக்கு நான்கு மாதம் பிந்தித் திறந்ததையும் அவர்கள்தான் சொன்னார்கள். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு அவர் தேவைப்பட்டது அக்காவுக்காக.

அக்கா ஊரில் பாலர் பாடசாலை நடத்துகிறாள். இருபது வருடமாக அவளே கட்டிய பாட்டுகள் பதினொன்று. நண்டுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, பல் விளக்குவதற்கு ஒன்று. எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவளுடைய தொண்டையில்தான் இருந்தன. அந்தத் தொண்டையில்தான் கழலையும் வந்தது. சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்றார் டாக்டர். குரலுக்குப் போகிற நரம்பு அந்த இடத்தோடு ஒட்டி ஓடுகிறது, கவனமாகத்தான் செய்வோம், ஆனாலும் குரல் மாறினாலும் மாறலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். தைப்பொங்கலுக்குப் பிந்திய ஒரு திகதி குறித்துத் தந்தார்கள்.

அக்கா அழவில்லை. பஸ்ஸில் வரும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "தம்பி, அந்தப் பதினொரு பாட்டையும் எங்கயாவது பதிஞ்சு வைப்பமா? ஒப்பரேசனுக்கு மறுகா பாட ஒண்ணாமப் போனா, புள்ளையளுக்குப் போட்டுக் காட்டலாம்."

பாலர் விழா வீடியோக்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் பிள்ளைகளின் கூச்சல்தான். அக்கா மேடைக்குப் பின்னால் நின்று வாயசைத்துக்கொண்டிருப்பாள். ஆகவே அன்றைக்கு நான் கைபேசியை எடுத்து, "பாடுகா அக்கா" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அரை மணித்தியால வேலை. நான் செய்யவில்லை. எனக்கும் ஒரு ஆசை இருந்தது. போர்வையைத் தலையில் மூடிக்கொண்டு அறிவித்தல் பதிகிற பிழைப்பை விட்டு, ஒழுங்கான ஒலிப்பதிவுக் கூடம் ஒன்று வைக்க வேண்டும் என்ற ஆசை. அப்பாவின் நெல் அடுக்கும் அறை வெறுமையாகக் கிடந்தது. அக்காவின் பாட்டோடு அதைத் திறப்போம் என்று கைதட்டி அண்ணனைக் கூட்டிவந்தேன்.

வந்தார். படியைத் தாண்டினார். தட்டினார். தலையைச் சரித்தார்.

"ஆறு கிழமை தாங்க. மட்டக்களப்பில இல்லாத அறை ஒண்டு செஞ்சு தாறன்."

"போனில ஒருக்காப் பதிஞ்சு வைப்பமா அண்ணன், ஒரு காவலுக்கு?" என்று அக்கா கேட்டாள்.

அவர் நெஞ்சில் கை வைத்தார். "போன் மைக்கிலயா? உங்கட குரல அப்பிடிக் கொல்லப்போறீங்களா? ஒரு தரம் பிழையாப் பதிஞ்சா, அதுதான் காலத்துக்கும் நிக்கும்."

நானும் தலையை ஆட்டினேன். ஐப்பசி மாதம் தொடங்கியிருந்தது. நாள் நிறைய இருந்தது.

அறை வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது, சிரிக்கத்தான் முடியும். கட்டாரில் பலகைக்குள் கல்லுப்பஞ்சு வைத்தார்களாம். இங்கே வைக்கோல். மரச்சட்டம் அடித்து, வைக்கோலை இறுக்கி, சாக்கால் போர்த்தி, மூலைக்கு மூலை நிறுத்தினார். "சத்தத்துக்குக் கல்லுப்பஞ்சும் தெரியாது வைக்கோலும் தெரியாது. அதுக்குத் தடிப்புத்தான் தெரியும்" என்றார். சரிதான். ஆனால் வைக்கோலில் ஒட்டியிருந்த நெல்லுக்கு மழை தெரியும். கார்த்திகை அடைமழையில் சுவர் ஈரம் ஏறி, ஒரு காலையில் கதவைத் திறந்தால் சாக்கு முழுக்கப் பச்சைப் பசேலென்று முளை.

பக்கத்து வீட்டு மாமி வந்து எட்டிப் பார்த்தா. "என்னகா இது, வயல்வட்டையில செய்யிறது காணாதெண்டு சுவரிலயும் வேளாண்மையா? உரம் போட்டயா தம்பி?"

நான் பிடுங்கப் போனேன். கைதட்டி அண்ணன் பாய்ந்து தடுத்தார். "அளக்காமப் பிடுங்க ஒண்ணா. இந்த முளை மேல் சுருதியைக் கொஞ்சம் குடிக்குதோ தெரியாது." மைக்கை நிறுத்தி அளந்தார். இரண்டு நாள் கழித்து மாமியின் ஆடு உள்ளே புகுந்து இடது மூலையைத் தின்றுவிட்டது. அதையும் அளந்தார். ஆடு தின்ற பிறகு அந்தப் பக்கம் அரை டெசிபல் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, வலது மூலைக்கும் ஆட்டைக் கொண்டுவரச் சொன்னார். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

எதையும் அவர் காதால் நம்பமாட்டார் என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. கைதட்டிக் கேட்பது வெறும் தொடக்கம். கேட்டதைக் கோடாகப் பார்த்தால்தான் மனம் ஆறும். "காது பொய் சொல்லும் தம்பி. பசியில ஒரு மாதிரிக் கேக்கும், சோறு திண்டா ஒரு மாதிரிக் கேக்கும். கோடு பொய் சொல்லாது." அந்தக் கோடு எங்கள் அறையில் அறுபத்து மூன்று ஹேர்ட்ஸ் என்ற இடத்தில், அதாவது அடிவயிற்றில் உறுமுகிற தாழ்ந்த சத்தத்தில், முதுகு தூக்கி நின்றது. மற்ற எல்லாம் தட்டையாக வந்தது. அந்த முதுகு மட்டும் படியவில்லை. அவருக்கு நித்திரை போனது.

அந்த முதுகை உடைக்கத்தான் பலூன் வந்தது. பெரிய பலூனை ஊதி ஊசியால் குத்தினால் எல்லாச் சுருதியும் ஒரே வெடியில் வரும், அறை எத்தனை செக்கனில் அடங்குகிறது என்று பார்க்கலாம். அவர் தொழில் பழகிய இடத்தில் அது சாதாரண வேலையாம். ஒரு பின்னேரம், என்னிடம் ஒரு சொல் சொல்லாமல், ஐந்து பலூன்களை ஒன்றன்பின் ஒன்றாகக் குத்தினார்.

எங்கள் ஊர் வெடிச்சத்தத்தை அளப்பதற்கு மென்பொருள் தேவைப்படாத ஊர். எவ்வளவு தூரம், எந்தப் பக்கம், ஓடுவதா படுப்பதா என்று ஒரு கணத்தில் சொல்லக்கூடிய காதுகளை எங்களுக்கு யாரும் சும்மா தரவில்லை. முதல் வெடிக்குத் தெரு அடங்கியது. இரண்டாவதற்குக் கதவுகள் சாத்தப்பட்டன. நான் ஓடிவந்து பார்த்தபோது மாமி வாய்க்காலுக்குள் குப்புறப் படுத்திருந்தா. அடுப்பில் சோறு கருகுகிற மணம் வந்தது.

இவர் வெளியே வந்தார். கையில் கிழிந்த ரப்பர். "பலூன் மாமி, பலூன்!"

மாமி சேற்றோடு எழுந்து நின்றா. "பலூன் ஊதுற வயசாடா உனக்கு?"

"மாமி, எத்தனை வெடி கேட்டிச்சு?"

"அஞ்சு."

"அஞ்சும் ஒரே அளவாக் கேட்டிச்சா?"

அவர் கொப்பியை எடுத்து, 'சத்தம் வெளியே போகிறது, சுவர்த் தடிப்புப் போதாது' என்று எழுதிக்கொண்டார். அவரை அடிக்க வேண்டும் என்று நான் முதன்முதலாக நினைத்தது அப்போதுதான். அக்காதான் மாமியைக் கூட்டிப்போய்க் கால் கழுவிவிட்டு, பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடிக்க வைத்தாள்.

மார்கழி வந்தது. ஆறு கிழமை எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது அவர் அறையை விட்டுவிட்டு மென்பொருளைப் பிடித்துக்கொண்டார். முதுகு அறையில் இல்லையாம், அளக்கிற மென்பொருளில் இருக்குமாம். ஆகவே மூன்று மென்பொருள்களை என் மடிகணினியில் ஏற்றி, எது உண்மை சொல்கிறது என்று பார்க்கத் தொடங்கினார்.

முதலாவது இலவசம். அது தாழ்ந்த சத்தத்திலிருந்து உச்சிவரைக்கும் ஒரு நீண்ட ஊளையைப் போட்டு அளக்கும். ஊளை உச்சிக்கு ஏற, தெருநாய்கள் எல்லாம் சேர்ந்து பதில் ஊளை போடும், பிறகு நாய்களின் ஊளையை நீக்கிக் கணக்கெடுக்க வேண்டும். இரண்டாவது முப்பது நாள் மட்டும் பார்க்கத் தருவது. நிறம் நிறமாக மலை போலக் கோடு வரையும். அது அவருக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அதுவும் அதே முதுகைத்தான் காட்டியது, கொஞ்சம் வடிவாகக் காட்டியது. மூன்றாவதைக் கட்டாரிலிருந்து ஒரு சிநேகிதர் அனுப்பியிருந்தார். அது அளப்பதோடு நிற்காது. மைக்கில் விழுந்த சத்தத்தை அப்படியே முழுதாகச் சேர்த்தும் வைத்துவிடும். "குப்பை லொறி" என்று அவர் அதற்குப் பெயர் வைத்தார். "எனக்குக் கோடு மட்டும் காணும். காகம் கத்தினதையும் ஆடு கத்தினதையும் ஆர் இவனைச் சேத்து வைக்கச் சொன்ன?"

அக்கா ஒருநாள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள். "தம்பி, தராசு பாக்கிறதுக்கே இவ்வளவு நாளெண்டா, நெல்லு எப்ப நிறுக்கிறது?"

அவள் என்னிடம்தான் கேட்டாள். நான் அவரைப் பார்த்தேன். அவர் கோட்டைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு கிழமை அக்கா" என்று நான்தான் சொன்னேன். அந்தச் சொல்லை அவர்மேல் போட முடியாது.

குப்பை லொறிக்கு ஒரு கடைசிச் சோதனை வைத்தார். அறைக்குள் ஒரு சத்தமும் இல்லாதபோது எவ்வளவு சத்தம் இருக்கிறது என்று அளப்பது. மைக் நடு அறையில். கணினியின் காற்றாடிச் சத்தமும் விழக்கூடாது என்று வயரை யன்னலால் இழுத்து, மாமரத்தின் கீழே கணினியோடு உட்கார்ந்தார். மாமியின் சேவலைக் கூடையால் மூடினோம். பாட்டுப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் பாண் விற்க வருகிற ஓட்டோவை மறித்து வைக்க என்னைச் சந்திக்கு அனுப்பினார். நான் அங்கே நின்று பாண்காரனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது அவர் கத்திக்கொண்டிருந்தார். அக்கா தும்புத்தடியோடு முகம் சிவந்து வாசலில் நின்றாள்.

"ஏழாவது அளவும் போச்சு தம்பி! உள்ளுக்க போய்க் கூட்டுறாங்க! நான் கோடு ஏன் குதிக்குதெண்டு வயரெல்லாம் தடவிப் பாத்துக்கொண்டிரிக்கிறன்!"

அளவெடுப்பு முடிந்துவிட்டது என்று நினைத்து, சிந்திக் கிடந்த வைக்கோலைக் கூட்டப் போயிருக்கிறாள். அவ்வளவுதான். அடுத்த நாள் குப்பை லொறியை அவர் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டார். எதைக் கேட்டாலும் சேர்த்து வைக்கிற சாமான் தொழிலுக்கு உதவாதாம்.

பொங்கல் முடிந்தது. இனி முதுகாவது மூக்காவது என்று எனக்குப் பொறுமை போய்விட்டது. "வாற சனிக்கிழமை பதியிறம். கோடு எப்பிடிக் கிடந்தாலும் பதியிறம்" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். அக்கா வெந்நீரும் இஞ்சியும் குடித்துக் குரலைப் பார்த்துக்கொண்டாள். பதினொரு பாட்டையும் கொப்பியில் ஒழுங்காக எழுதி வைத்தாள். செவ்வாய்க்கிழமை காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. குறித்த திகதிக்கு முன்னமே இடம் ஒன்று கிடைத்திருக்கிறது, இன்றைக்கே வாட்டில் வந்து நிற்கட்டாம். மத்தியானம் அவளை ஏற்றிக்கொண்டு போனேன்.

சத்திரசிகிச்சையில் ஒரு பிழையும் இல்லை. கழலை போனது, உயிருக்குப் பயமில்லை. டாக்டர் முன்பு சொன்ன அந்த ஒன்று மட்டும் நடந்தது. அக்கா வாயைத் திறந்தால் காய்ந்த ஓலையை முற்றத்தில் இழுக்கிற சத்தம். இரண்டு மாதம், மூன்று மாதம் பார்த்தோம். பேசலாம், பாட முடியாது. பிள்ளைகள் முதல் நாள் பயந்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். பாட்டு நேரத்தில் அவள் கைகளை மட்டும் ஆட்டினாள்.

நான் குமைந்துகொண்டே திரிந்தேன். டவுணில் ஒலிப்பதிவு செய்கிற ஒருவரிடம் அந்த அறுபத்து மூன்றைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரித்தார். "பொம்புளைக் குரலா? சின்னப் புள்ளையட பாட்டா? அது எங்கயோ மேல போகும். அறுபத்து மூண்டில அதுக்கு என்ன வேலை?"

நேரே மாங்கேணிக்குப் போனேன். வீட்டு வாசலில் பலகை சீவிக்கொண்டிருந்தார். இறங்கின கையோடு கேட்டேன்.

"அக்காட பாட்டு அந்த முதுகுக்குக் கிட்டவும் போகாதாமே. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சு கொண்டா?"

"அவங்கட பாட்டுக்கு அந்த அறை காணும்தான் தம்பி. ஆனா அறை சரியில்லையே. நாளைக்கு ஒரு ஆம்புளை வந்து பாடினா?"

ஒரு ஆம்பிளையும் இன்று வரைக்கும் வந்து பாடவில்லை. அன்று என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். நீ கைதட்டி இல்லை, குரல்வளை தட்டி என்றேன். அளந்து அளந்து அவளுடைய குரலைக் குழியில் இறக்கினாய் என்றேன். அவர் சீவுளியைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வரும் வழியில், "ரெண்டு கிழமை" என்று சொன்னவன் நான்தானே என்ற நினைப்பு வந்து, எனக்குத்தான் அழுகை வந்தது.

அடுத்த நாள் காலையில் அவர் எங்கள் வீட்டுப் படியில் நின்றார். தட்டினார், பழக்கம். "அந்தக் குப்பை லொறிய அழிச்சிட்டீங்களா தம்பி?"

அழிக்கவில்லை. அழிக்க எனக்குத் தெரியாது. கணினியைத் திறந்து எங்கேயோ ஒரு கோப்புறைக்குள் போய், அவரே பெயரிட்டு வைத்த ஒன்றைக் காட்டினார். 'இரைச்சல் 7, பழுது, வீசுக.' அக்காவைக் கூப்பிட்டார். மூவரும் உட்கார்ந்தோம். அவர் அதைத் தட்டிவிட்டார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு கதவு திறக்கிற சத்தம். தும்புத்தடி சரக் சரக்கென்று இழுபட்டது. தூரத்தில் ஒரு காகம். பிறகு அக்கா. மைக் இருப்பதையே மறந்து, தனக்காகப் பாடுகிற அக்கா.

*ஆத்துக்குள்ள வட்ட நிலா,*
*வலையை வீசிப் பிடிக்கலாமா?*
*பிடிச்ச நிலா நழுவிப்போச்சு,*
*பிள்ளை வலையில் பொத்தலாச்சு!*

நிலாப் பாட்டு முழுதாக வந்தது. அடுத்து நண்டுப் பாட்டில் மூன்று வரி. அவர் அன்றைக்கு மைக் சத்தத்தைக் காதில் மாட்டிக் கேட்டிருந்தால் முதல் வரியிலேயே எழுந்து வந்து நிறுத்தியிருப்பார். கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு வயரைத் தடவிக்கொண்டிருந்ததால் இவ்வளவாவது மிஞ்சியது. மூன்றாவது வரியில் கதவு படாரென்று அடித்தது.

"ஆரது உள்ளுக்க? வாயப் பொத்துங்க! அளவெடுக்கிறன், தெரியாதா?"

தும்புத்தடி விழுந்தது. "ஐயோ, மன்னிச்சுக்கங்கண்ணன். முடிஞ்செண்டு நினைச்சன்."

அதோடு முடிந்தது. அக்காவுடைய பழைய குரலில் இந்த உலகத்தில் இருப்பது அவ்வளவுதான். பதினொன்றில் ஒன்றும், மூன்று வரியும், ஒரு மன்னிப்பும்.

அவர் கணினியைப் பார்த்தபடியே பேசினார். "காகத்தையும் தும்புத்தடியையும் எடுத்துப்போடலாம். கடைசியில என்ட சத்தத்தையும் வெட்டிவிடுறன். ஒரு நாள் தாங்க."

"ஒண்டையும் தொடாதீங்க" என்றாள் அக்கா, அந்த ஓலைக் குரலில். "அளக்காமக் குடுங்க."

பாலர் பாடசாலையில் இப்போது பாட்டு நேரத்துக்கு அக்கா அதைத்தான் ஒரு சின்னப் பெட்டியில் போடுகிறாள். வேறு இல்லை. நாளுக்கு நாலு தரம், கிழமைக்கு ஐந்து நாள். பிள்ளைகள் நிலாப் பாட்டைக் கரைத்துக் குடித்துவிட்டார்கள்.

அந்த வருட முடிவில் பாலர் விழா, ஊர்ப் பொது மண்டபத்தில். அக்கா கைதட்டி அண்ணனுக்கும் சொல்லியனுப்பியிருந்தாள். வெள்ளைச் சேட்டுப் போட்டு வந்தார். வாசலில் ஒரு தட்டு. "தகரம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார். திரை விலகியது. பதினெட்டுப் பிள்ளைகள், ஆளுக்கொரு குட்டித் தும்புத்தடி. கூட்டிக்கொண்டே நிலாப் பாட்டைப் பாடினார்கள். நண்டுப் பாட்டில் மூன்று வரி பாடினார்கள். பிறகு பதினெட்டுப் பேரும் தும்புத்தடியை விட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்து, சபையைப் பார்த்து ஒரே குரலில் கத்தினார்கள்.

"ஆரது உள்ளுக்க? வாயப் பொத்துங்க! அளவெடுக்கிறன், தெரியாதா?"

அதுவும் பாட்டுத்தான் என்று நினைத்திருக்கிறார்கள். யாரும் அவர்களுக்கு அப்படியில்லை என்று சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை. சபை குலுங்கிச் சிரித்தது. மாமி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தா. பிள்ளைகள் குனிந்து, கை குவித்து, குரலைச் சின்னதாக்கி முடித்தார்கள்.

"ஐயோ, மன்னிச்சுக்கங்கண்ணன். முடிஞ்செண்டு நினைச்சன்."

மண்டபம் முழுக்கக் கைதட்டியது. தகரத்தில் பட்டுத் திரும்பத் திரும்ப வந்தது. நான் இரண்டாவது வரிசையைப் பார்த்தேன். கைதட்டி அண்ணன் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு, மேடைக்குப் பின்னால் அக்கா நிற்கிற இடத்தையே பார்த்தபடி இருந்தார்.